பெரிய இலக்கும் அதற்கான மனநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிதாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அல்லது தொடங்கிப் பாதியில் நிற்கிறது. இந்த இரண்டு நிலையிலும் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. மனநிலை முதலில் வரும், செயல் அதன் பின்னால் வரும் என்றுதான் பலரும் நம்புகிறோம். நடப்பது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் பலவற்றில் இதைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறேன்.

பெரிய இலக்கு என்று எதைச் சொல்கிறீர்கள்?

இன்றைக்கு உங்களிடம் இருக்கும் திறமையை வைத்து எட்ட முடியாதது எதுவோ, அது உங்களுக்குப் பெரிய இலக்கு. அதை நோக்கிப் போகும் வழியில் நீங்கள் கொஞ்சம் வேறு ஆளாக மாறியாக வேண்டும். ஒருவருக்கு அது முனைவர் பட்டமாக இருக்கும், இன்னொருவருக்கு முழு மாரத்தான். மேடை என்றாலே கை நடுங்கும் ஒருவருக்குப் பத்து நிமிடம் தடங்கலில்லாமல் பேசுவதே பெரிய இலக்குதான். ஊரார் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறதா என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

எனக்குத் தன்னம்பிக்கையே கிடையாது. அதை முதலில் வளர்த்துக்கொண்டு அப்புறம் தொடங்கலாமா?

வேண்டாம். அப்படிக் காத்திருப்பவர்களில் பலர் காத்துக்கொண்டே இருந்துவிடுகிறார்கள்.

'இதை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் மிக வலுவானது முதலாவதுதான். நாமோ பெரும்பாலும் மூன்றாவதைத் தேடி ஓடுகிறோம். ஊக்கப் பேச்சு கேட்கிறோம், அன்று இரவு நெஞ்சு நிறைந்திருக்கிறது, மூன்றாம் நாள் ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பேச்சில் குறை ஒன்றும் இல்லை. நம் கையில் நாமே செய்து முடித்தது என்று காட்ட எதுவும் இல்லாதபோது, அடுத்தவர் வார்த்தை அவ்வளவு நாள்தான் தாங்கும்.

ஆகவே முடியும் அளவுக்கு ஒரு சின்ன வேலையை எடுத்து, முழுதாக முடியுங்கள். பாதி வேலை நம்பிக்கை தராது. நாவல் எழுத ஆசை என்றால் மூன்று பக்கத்தில் ஒரு கதை, தொடக்கமும் முடிவும் உள்ளதாக. தொழில் தொடங்க ஆசை என்றால் ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு வேலை, பணம் வாங்கிக்கொண்டு. அது சுமாராகத்தான் இருக்கும், இருக்கட்டும். 'முடித்தேன்' என்று உங்களுக்கு நீங்களே காட்ட ஒரு சான்று கிடைத்துவிட்டதல்லவா? அடுத்ததைக் கொஞ்சம் கடினமாக எடுக்க அது போதும்.

இரண்டாவது ஊற்றையும் விட்டுவிடாதீர்கள். உச்சத்தில் இருக்கும் மேதையைப் பார்ப்பதைவிட, உங்களுக்கு இரண்டு படி மேலே இருப்பவரைப் பார்ப்பது அதிகம் உதவும். அவர் போன வருடம் எங்கே தடுமாறினார் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கும். கேட்டால் சொல்வார்.

நம்பினால் எதுவும் முடியும் என்கிறார்களே, உண்மையா?

எதுவும் முடியும் என்பது உண்மையில்லை. ஆனால் திறமை வளரக்கூடியது என்று நினைப்பவருக்கும் அது பிறவியிலேயே அளந்து கொடுத்தது என்று நினைப்பவருக்கும், தோல்வி வரும்போது நடத்தையில் வேறுபாடு தெரிகிறது.

உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். நன்றாகச் செய்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கவைத்தார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளுக்கு அதன் பிறகு ஆர்வம் குறைந்தது, மறுபடி எளிய புதிர் கொடுத்தபோதும் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். பெயரைக் காப்பாற்ற வேண்டிய பாரம் அவர்கள் தலையில் ஏறிவிட்டது.

இதை மந்திரம் மாதிரி நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், திறமை வளரும் என்பதை விளக்கும் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த இணையப் பயிற்சியை நடத்திப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. பின்தங்கியிருந்த மாணவர்களின் சராசரி மதிப்பெண், அதிகபட்சம் நான்கு புள்ளிக்குச் சற்று மேலான அளவில், 0.1 உயர்ந்தது. சின்ன உயர்வு, ஆனால் உண்மையான உயர்வு. எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு பகுதி: கடினமான வேலைகளை விரும்பி எடுக்கும் பழக்கம் உடன் படிப்பவர்களிடமும் இருந்த பள்ளிகளில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. மனநிலை தனியாக நின்று வேலை செய்வதில்லை, சுற்றி இருப்பவர்களும் வேண்டும்.

இலக்கை எட்டிவிட்டதாகத் தினமும் கற்பனை செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

அதை மட்டும் செய்தால் கெடுதல்தான் அதிகம். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் பல வருடங்களாக இதை ஆராய்ந்திருக்கிறார். படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவர்களை அவரும் உடன் ஆய்வாளரும் இரண்டு வருடம் கழித்து மறுபடி சந்தித்தார்கள். நல்ல வேலை கிடைத்துவிட்டது போல அடிக்கடி இனிமையாகக் கனவு கண்டவர்கள் குறைவான இடங்களில்தான் விண்ணப்பித்திருந்தார்கள், வாய்ப்பும் சம்பளமும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தன. 'எனக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது' என்று நிதானமாக எடைபோட்டவர்களின் நிலை அதற்கு நேர்மாறு. கனவிலேயே பாதி சாப்பிட்டு முடித்துவிட்டால் பசி எடுக்காது.

அதற்காகக் கனவு காணாமலே இருக்க வேண்டியதில்லை. ஒரு நிமிடம் காணுங்கள், உடனே அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: இதற்குக் குறுக்கே நிற்பது எது? வெளியே இருக்கும் தடையை அல்ல, உங்களுக்குள் இருப்பதை. 'நேரமில்லை' என்று முதலில் தோன்றும். இன்னும் கொஞ்சம் கிளறினால், 'எழுதியதை யாரிடமாவது காட்டினால் சிரிப்பார்களோ என்று பயம்' என்று வரும். இரண்டாவதாக வந்ததுதான் உண்மையான தடை. அதற்குத்தான் வழி பார்க்க வேண்டும்.

இலக்கை எழுதிவைத்த 3 சதவீதம் பேர் மற்ற எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்தார்களாமே?

புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் 1953-இல் நடந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை, அந்தப் பல்கலைக்கழகமும் மறுத்துவிட்டது. ஆனாலும் மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது.

எழுதிவைப்பது நல்லதுதான். அதைவிடப் பயன் தருவது, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அடிக்கடி பார்ப்பது. இதைப் பற்றிய 138 ஆய்வுகளை, ஏறக்குறைய 20,000 பேரின் தரவுகளோடு, 2016-இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். முன்னேற்றத்தைக் கவனித்து வந்தவர்கள் இலக்கை நோக்கி அதிகம் நகர்ந்தார்கள். அதை எழுதிவைத்தபோதும், இன்னொருவருக்குத் தெரியப்படுத்தியபோதும் பலன் கூடியது.

எப்படி எழுதுவது? ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். இப்படி:

திங்கள்: 40 நிமிடம். இரண்டாம் பகுதியில் சிக்கிக்கொண்டேன்.
செவ்வாய்: உட்காரவில்லை. வந்ததும் படுத்துவிட்டேன்.
புதன்: 15 நிமிடம்தான். ஆனால் சிக்கல் அவிழ்ந்தது.

ஒரு மாதம் கழித்து இதைப் படித்தால் செவ்வாய்க்கிழமை தோறும் 'உட்காரவில்லை' என்று இருப்பது கண்ணில் படும். அன்று அலுவலகத்தில் கடைசி நேரக் கூட்டம் இருக்கும். அதுவரை 'நான் சோம்பேறி' என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, செவ்வாயை விட்டுவிட்டுச் சனிக்கிழமை காலையை எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு குறைபாடு என்று நினைத்தது ஒரு கால அட்டவணைப் பிரச்சினையாகச் சுருங்கிவிட்டது. இந்தச் சின்ன மாற்றத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். தன்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டு நிலைமையைப் பார்க்கத் தொடங்குகிற இடம் அது.

'முடிந்தவரை செய்வோம்' என்று இருப்பது நல்லதா, துல்லியமாக எண் வைப்பது நல்லதா?

வேலை உங்களுக்குத் தெரிந்ததா, புதிதா என்பதைப் பொறுத்தது.

தெரிந்த வேலைக்குத் துல்லியமான, கடினமான எண் வையுங்கள். எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள் இருவரும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து சொன்னது இதுதான். லேதம் 1970-களில் வெட்டிய மரங்களை ஏற்றும் லாரி ஓட்டுநர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதம்தான் அவர்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 'முடிந்தவரை ஏற்றுங்கள்' என்றபோது பெரிய மாற்றம் இல்லை. 94 சதவீதம் என்று எண்ணைச் சொன்னதும், வேறு பரிசு எதுவும் இல்லாமலே, 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள்.

ஆனால் அவர்களுக்கு லாரியில் சுமை ஏற்றத் தெரியும். புதிதாக ஒன்றைக் கற்கும்போது முடிவு எண்ணை மட்டும் வைத்தால் பதற்றம்தான் கூடும். அப்போது கற்றல் இலக்கு வையுங்கள்: 'இந்த மாதம் பத்தாயிரம் பேர் என் காணொளியைப் பார்க்க வேண்டும்' என்பதற்குப் பதில், 'முதல் 20 வினாடியை நான்கு விதமாகத் தொடங்கிப் பார்த்து, எதில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிப்பேன்'. எண் பின்னால் வரும்.

திட்டமெல்லாம் பிரமாதமாகப் போடுகிறேன். நாள் வந்ததும் செய்வதில்லை.

'நாளைக்குச் செய்வேன்' என்பது திட்டம் ஆகாது. எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று மூன்றும் இருக்க வேண்டும். 'இரவு பாத்திரம் கழுவி முடித்ததும், ஜன்னலோர மேசையில், நேற்று நிறுத்திய வரியிலிருந்து தொடங்குவேன்.' உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் மாணவர்களிடம் இதைச் சோதித்தார். விடுமுறை நாளில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார். எங்கே, எப்போது உட்காருவோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறித்த நாளுக்குள் முடித்தார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். இதே முறையைச் சோதித்த 94 முடிவுகளை 2006-இல் தொகுத்துப் பார்த்தபோதும் நல்ல பலன் இருப்பது உறுதியானது.

தடைக்கும் இதே மாதிரி ஒரு வரி எழுதிவையுங்கள். 'களைப்பாக இருந்தால், பத்து நிமிடம் மட்டும் உட்காருவேன்.' களைப்பு வரும் என்று தெரிந்ததுதானே? வந்த பிறகு யோசித்தால் களைப்புதான் ஜெயிக்கும்.

21 நாள் செய்தால் பழக்கம் ஆகிவிடுமா?

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக 'குறைந்தது சுமார் 21 நாள்' ஆகிறது என்று 1960-இல் எழுதினார். காலப்போக்கில் 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது, 21 மட்டும் நின்றுவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக நடு அளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை மாறியது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. 22-ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு மன உறுதி குறைவு. அதுதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

மன உறுதி ஒரு சேமிப்பு மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துவிடும் என்று 1998 முதல் ஒரு கருத்து பரவலாக இருந்தது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே சோதனையை நடத்தியபோது அந்த விளைவு கிட்டத்தட்ட இல்லை என்றே வந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை.

நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியது வேறு. கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று நாம் வியக்கிறவர்கள், சபலத்தோடு நாள் முழுக்கப் போராடிக்கொண்டிருப்பவர்கள் இல்லை. சபலம் எதிரே வராதபடி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள். கைபேசி அடுத்த அறையில், வேலை செய்ய வேண்டிய கோப்பு திறந்த நிலையில், ஓடும் காலணி கதவருகே. இவ்வளவுதான். 'இது ஏமாற்று வேலை, உண்மையான உறுதி இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டே வெல்ல வேண்டும்' என்று சிலர் நினைக்கிறார்கள். எதற்கு? உங்கள் சக்தியை வேலைக்குக் கொடுங்கள், கைபேசியோடு மல்லுக்கட்டுவதற்குக் கொடுக்காதீர்கள்.

10,000 மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் நிபுணர் ஆகலாமா?

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் இன்னும் இருவரும் சேர்ந்து பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1993-இல் வெளியானது. மிகச் சிறந்த குழுவினர் 20 வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். சராசரிதான், அவர்களிலேயே பலர் அதைத் தொடவில்லை. அதை ஒரு விதியாக ஆக்கியதை எரிக்சனே ஏற்கவில்லை. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மனிதர்களுக்கிடையே திறமையில் உள்ள வேறுபாட்டில் இத்தகைய பயிற்சி விளக்கியது இசையில் 21 சதவீதம், விளையாட்டில் 18 சதவீதம், சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம். பயிற்சி கணிசமானது, ஆனால் அதுவே எல்லாம் கிடையாது.

எண்ணை மறந்துவிட்டு எரிக்சன் அழுத்திச் சொன்ன இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எப்படிப் பயிற்சி செய்கிறோம் என்பது. மேடைப் பேச்சு கற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தினமும் அரை மணி நேரம் கண்ணாடி முன் பேசுகிறார், ஆறு மாதமாகியும் அப்படியே இருக்கிறார். இன்னொருவர் மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்கிறார், கேட்கிறார். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லும் காற்றில் கரைந்துபோவது காதில் விழுகிறது. அன்றைக்கு அதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே பத்தியைக் கடைசிச் சொல் தெளிவாகக் கேட்கும் வரை மறுபடி மறுபடி பேசுகிறார். மறுநாள் மூச்சு விடும் இடம். அதற்கடுத்து 'வந்து... வந்து...' என்று இழுப்பது. இவருடைய இருபது நிமிடம் மற்றவரின் அரை மணி நேரத்தைவிடக் கஷ்டமானது, தன் குரலைத் தானே கேட்கக் கூச்சமாகவும் இருக்கும். பயிற்சி சுகமாக இருக்கிறது என்றால், ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படலாம்.

எப்போதும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நாளாகிறது. நான் மெதுவான ஆளா?

இல்லை, எல்லோருக்கும் இப்படித்தான். டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதை ஒரு பொதுப் பிழையாகச் சுட்டிக்காட்டினார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சுமார் 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். 'எல்லாமே தப்பாகப் போனால்?' என்று கேட்டு வாங்கிய கணிப்புகூட 49 நாளைத் தாண்டவில்லை.

உங்கள் திட்டத்தை உள்ளே இருந்து பார்க்காமல், இதே வேலையைச் செய்த மற்றவர்களுக்கு எத்தனை நாள் ஆனது என்று விசாரியுங்கள். 'நான் அவர்களைப் போல இல்லை' என்று மனம் சொல்லும். அதைக் கேட்காதீர்கள்.

என் இலக்கைப் பிறரிடம் சொல்லலாமா, ரகசியமாக வைக்கலாமா?

'நான் இப்படி ஆகப்போகிறேன்' என்று அறிவிப்பது ஒன்று, 'இந்த வாரம் இதை முடித்துக் காட்டுகிறேன்' என்பது வேறு. முதலாவதில் ஆபத்து உண்டு. கோல்விட்சரும் குழுவினரும் 2009-இல் சட்ட மாணவர்களிடம் பார்த்தது இது: தங்கள் எண்ணத்தை இன்னொருவர் கவனித்து அங்கீகரித்த பிறகு, அந்த மாணவர்கள் வேலையில் செலவிட்ட நேரம் குறைந்தது. பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிட்டது போல.

கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸின் கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தைப் பத்து வயதில் நூலகத்தில் சந்தித்தார். முந்நூறு வருடத்துக்கும் மேலாக யாராலும் நிறுவ முடியாதது. இளமையில் முட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கிவைத்தார், வேறு கணிதம் கற்றார். 1986-இல் கென் ரிபெட் என்ற கணிதவியலாளரின் ஒரு முடிவு, அந்தத் தேற்றத்துக்குப் போகும் பாதை தான் கற்ற துறை வழியாகவே இருக்கிறது என்று காட்டியதும், மற்ற ஆய்வுகளை விட்டுவிட்டு ஏழு வருடம் ஏறக்குறைய ரகசியமாக உழைத்தார். மனைவிக்குத் தெரியும், கடைசிக் கட்டத்தில் ஒரு சக பேராசிரியருக்குத் தெரியும். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்தார், உலகமே கொண்டாடியது. சில மாதத்தில் நிறுவலில் ஓட்டை தெரிந்தது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அதைச் சரிசெய்வது எவ்வளவு கொடுமை! தன் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்தார். 1994 செப்டம்பர் 19 அன்று, கைவிடும் நிலைக்கு வந்திருந்தபோது வழி கிடைத்தது. 1995-இல் நிறுவல் அச்சில் வந்தது.

கவனம் சிதறாமல் இருக்கத் தனிமை உதவியது. தன் கண்ணுக்குத் தெரியாத தவற்றைப் பிடிக்கவும் அதை அடைக்கவும் இன்னொருவர் வேண்டியிருந்தது. ஆகவே எல்லோரிடமும் சொல்லாதீர்கள், ஆனால் வேலையை எடுத்துக் காட்ட ஒருவராவது இருக்கட்டும். கைதட்டுகிறவரைவிடக் குறை சொல்லத் தெரிந்தவர் நல்லது.

ஒரு தோல்விக்குப் பிறகு என்னை நானே திட்டிக்கொண்டே இருக்கிறேன். கண்டிப்பாக இருந்தால்தானே முன்னேற முடியும்?

இந்த நம்பிக்கை நல்ல உழைப்பாளிகள் பலரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது. 2012-இல் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு கடினமான தேர்வில் தோற்ற மாணவர்களில் சிலரிடம், தங்களைப் பரிவோடு பார்க்கும்படி சொல்லப்பட்டது. அவர்கள்தான் மறுதேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது: திட்டு விழும் என்று தெரிந்த இடத்துக்கு யாரும் போக விரும்புவதில்லை. விடைத்தாளைத் திறந்தாலே உள்ளே ஒரு குரல் கத்தும் என்றால், திறக்காமல் தள்ளிப்போடத்தான் தோன்றும்.

பரிவு என்றால் பூசி மெழுகுவது இல்லை. 'மூன்றாம் கேள்வியைப் புரிந்துகொள்ளாமலே எழுதியிருக்கிறேன். சரி, அந்தப் பாடத்தை மறுபடி எடுக்கிறேன்.' இதில் உண்மை முழுதாக இருக்கிறது, வசவு மட்டும் இல்லை. நண்பர் ஒருவர் தோற்று வந்தால் அவரிடம் எப்படிப் பேசுவீர்களோ, அந்தக் குரலில் உங்களிடமும் பேசுங்கள்.

எப்போது விட்டுவிட வேண்டும்? முன்வைத்த காலைப் பின்வைக்கக் கூடாது என்று சொல்லித்தானே வளர்ந்தோம்?

1996 மே 10 அன்று எவரெஸ்டில் பல குழுக்கள் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. மதியம் 2 மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு. வழியில் நெரிசல், கயிறு கட்டுவதில் தாமதம். 2 மணி கடந்தும் பலர் ஏறினார்கள். உச்சி அதோ தெரிகிறதே, இவ்வளவு செலவழித்து, இவ்வளவு பாடுபட்டு வந்திருக்கிறோமே! மாலையில் புயல் பிடித்தது. அன்றும் மறுநாளும் 8 பேர் இறந்தார்கள். உச்சியைத் தொடாமலே நேரத்தோடு திரும்பிய சிலர் உயிரோடு முகாம் சேர்ந்தார்கள். அவர்களை யாராவது கோழை என்பார்களா?

திரும்பும் நேரத்தை அடிவாரத்தில் வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். உச்சிக்கு அருகில் நிற்கும்போது யாருக்கும் நிதானம் இருக்காது. நீங்களும் தொடங்கும்போதே எழுதிவையுங்கள்: எவ்வளவு பணம் வரை போடுவேன், எத்தனை முயற்சி வரை, எந்த மாதம் வரை, உடல்நலத்திலும் குடும்பத்திலும் எது கெட்டால் நிறுத்துவேன். போட்டித் தேர்வுக்கு வருடக்கணக்கில் படிப்பவர்களுக்கு இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நாலாவது முயற்சி தோற்ற அன்று இரவு ஐந்தாவதைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். முதல் முயற்சிக்கு முன்பே, தெளிந்த மனதோடு, மாற்று வழியையும் சேர்த்து எழுதிவைத்த தாள் கையில் இருக்கட்டும்.

வெறும் சலிப்பு மட்டும் வந்திருந்தால் விட வேண்டாம். எந்தப் பெரிய வேலையிலும் நடுவில் நீண்ட வறண்ட காலம் உண்டு. புதிதாக எதையாவது இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறீர்களா என்று உங்கள் ஒரு வரிக் குறிப்புகளைப் பாருங்கள். ஆம் என்றால் தொடருங்கள். மூன்று மாதமாக ஒரே தவறு, ஒரே இடம் என்றால், இலக்கை விடும் முன் வழியை மாற்றிப் பாருங்கள்.

வயதாகிவிட்டது. இனிமேல் தொடங்கலாமா?

உடலின் உச்ச வேகம் தேவைப்படும் சில இலக்குகளுக்கு வயது தடைதான். மற்றவற்றுக்குத் தொடங்கலாம். 2013-இல் பகா எண்களுக்கு இடையிலான இடைவெளி பற்றி உலகைத் திரும்பிப் பார்க்கவைத்த யிடாங் ஜாங், அப்போது ஐம்பது வயதை நன்றாகத் தாண்டியவர், அதிகம் அறியப்படாத விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்குப் பிறகு பல வருடம் கல்வித்துறையிலேயே வேலை கிடைக்காமல் இருந்தவர்.

வீட்டுப் பொறுப்பு, வேலை, கடன். இதற்கிடையில் பெரிய இலக்கெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகுமா?

எல்லோருக்கும் ஒரே 24 மணி நேரம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் 24 மணி நேரமும் உதவிக்கு ஆள் இருப்பவரின் 24 மணி நேரமும் ஒன்றாகாது. வேகத்தைக் குறையுங்கள், இலக்கை வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம் கிடைத்தாலும் அதை யாரும் தொடாதபடி காத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் 'ஆதரவு கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'ஞாயிற்றுக்கிழமை காலை 7 முதல் 8 வரை என்னைக் கூப்பிடாதீர்கள்' என்றால் தெரியும்.

எதிலும் ஆசையே இல்லை, தூக்கம் இல்லை, எல்லாம் வீண் என்று தோன்றுகிறது.

இரண்டு வாரத்துக்கும் மேல் இப்படி இருந்தால் இலக்கு, மனநிலை என்று எதையும் படிக்க வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் இன்றே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி உதவி கேளுங்கள். உங்கள் இலக்கு எங்கும் ஓடிவிடாது.

நினைத்ததை எட்டிவிட்டேன். ஆனால் சந்தோஷம் சில நாள்தான் இருந்தது, இப்போது வெறுமையாக இருக்கிறது. இது சரிதானா?

பலருக்கும் வருவது. ஒலிம்பிக்கில் 23 தங்கம் வென்ற நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ், ஒவ்வொரு ஒலிம்பிக்குக்குப் பிறகும் மனச்சோர்வில் விழுந்ததாக வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வருடக்கணக்கில் காலையில் எழ ஒரு காரணம் இருந்தது, ஒரே நாளில் அது இல்லாமல் போய்விட்டது. உடனே அடுத்த பெரிய இலக்கை எடுத்து அந்த இடத்தை அடைக்கத் தோன்றும். சில மாதம் பொறுங்கள். இந்த ஓட்டத்தில் தள்ளிவைத்த மனிதர்களிடம் போங்கள், நன்றாகத் தூங்குங்கள். தினமும் உட்கார்ந்த அந்த நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். எண்ணும் கெடுவும் இல்லாமல், அதே வேலையில் உங்களுக்குப் பிடித்த ஒரு பகுதியை அந்த நேரத்தில் செய்துகொண்டிருங்கள். அல்லது இரண்டு படி கீழே நிற்கும் ஒருவருக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். நீங்கள் எங்கே தடுமாறினீர்கள் என்பது இப்போது நன்றாக நினைவிருக்கும், இன்னும் சில வருடம் போனால் மறந்துவிடும்.